நடிகனின் பங்கு

கூத்துப்பட்டறையைப் பற்றி இன்று யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த், கணக்கெழுத வந்த விஜய் சேதுபதி. பட்டியல் முடிந்ததும், இத்தனை பேரைத் தமிழ் சினிமாவுக்குத் தந்த நிறுவனம் என்று ஒரு வாக்கியம். 2018 அக்டோபரில் ந. முத்துசாமி இறந்தபோது நான் படித்த அஞ்சலிக் குறிப்புகளில் பாதி இந்த வாக்கியத்தைத் தாண்டவில்லை. நாற்பது வருஷம் நாடகம் நாடகம் என்று பேசிப் பேசியே நண்பர்களை அலுப்படையச் செய்த ஒரு மனிதர், கடைசியில் சினிமாவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவராக ஆகிவிட்டார். எழுதியவர்கள் இதைப் புகழ்ச்சி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இதற்கு மறுபக்கமாக நம் வட்டத்துக்குள்ளேயே ஒரு குரல் உண்டு. போய்விட்டார்கள், விலை போய்விட்டார்கள் என்கிற குரல். கொஞ்சம் தாழ்ந்த தொனியில், தேநீர்க் கடையில், பெயர் சொல்லாமல் ஒலிக்கும். அச்சில் வருவதில்லை என்பதால் இதற்கு யாரும் பதில் சொன்னதும் இல்லை. பத்திரிகைப் புகழ்ச்சியும் இந்தத் தேநீர்க் கடைத் தீர்ப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. நடிகன் என்ன வேலை செய்தான், அந்த வேலைக்கு அவனுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. நான் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

1977இல் கூத்துப்பட்டறை தொடங்கும்போது தமிழில் நவீன நாடகம் என்பது பெரும்பாலும் காகிதத்தில் இருந்த ஒன்று. முத்துசாமி 'எழுத்து'வில் சிறுகதைக்காரராகத் தெரிய வந்தவர். 'நடை', 'கசடதபற' காலத்துக்காரர். 'காலம் காலமாக', 'அப்பாவும் பிள்ளையும்', 'நாற்காலிக்காரர்' ஆகியவை சிறுபத்திரிகைப் பக்கங்களில் வாசிக்கப்பட்டவை. அவற்றை நடிக்க ஆள் இருக்கவில்லை. சென்னையில் நாடக நடிகன் என்று அன்று இருந்தவன் சபா நடிகன். பகலில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை, மாலையில் மைக்குக்கு முன்னால் நின்று துணுக்குச் சொல்வது. மைக் இருக்கும் இடத்தைவிட்டு அவன் உடம்பு ஒரு அடி நகராது. நகர்ந்தால் சத்தம் கேட்காது. இந்த நடிகனை வைத்துக்கொண்டு 'நாற்காலிக்காரர்' போடமுடியாது என்று முத்துசாமிக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெருக்கூத்தைப் பார்த்தபோது அவருக்கு ஏற்பட்ட அதிர்ச்சியைப் பற்றி அவரே நிறைய எழுதியிருக்கிறார். 'அன்று பூட்டிய வண்டி'யில் அந்தக் கட்டுரைகள் இருக்கின்றன. அதிர்ச்சியின் சாரம் இதுதான்: நாம் எழுதிவைத்துவிட்டு நடிகன் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறோம், இங்கே தலைமுறை தலைமுறையாக நடிகன் இருக்கிறான், அவனைப் பார்க்கத்தான் நமக்குக் கண் இல்லை.

பிறகு புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் வருகிறார். கூத்தின் அடவும் குரலும் பட்டறை நடிகர்களுக்கு அவரிடமிருந்து கிடைத்தன. அதோடு சிலம்பம், தேவராட்டம், மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி. 1980களின் பிற்பகுதியில் ஃபோர்ட் பவுண்டேஷன் பணம் வந்தது. நடிகர்களை முழுநேரமாக வைத்துக்கொண்டு மாதாமாதம் ஏதோ ஒரு தொகை கொடுக்கமுடிந்தது. அன்னியப் பணம் என்ற பேச்சும் உடனே எழுந்தது. அந்தப் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பணம் கொடுப்பவனுக்கு ஒரு திட்டம் இருக்கும், அறிக்கை கேட்பான், அறிக்கைக்கு ஏற்றாற்போல் நாடகம் போடத் தோன்றும். ஆனால் பேசியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கம்பெனி நாடகங்கள் மறைந்த பிறகு, காலையில் எழுந்து இரவு வரை நடிப்பது ஒன்றையே வேலையாகச் செய், சாப்பாட்டுக்கு நாங்கள் பொறுப்பு என்று தமிழில் ஒரு நவீன நடிகனிடம் சொல்லப்பட்டது அப்போதுதான். நம் அரசோ பல்கலைக்கழகமோ செட்டியாரோ சபாவோ அதைச் சொல்லவில்லை.

கம்பெனி என்றதும் ஒரு ஒப்பீடு தானாக வருகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் ஆரம்பித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுப் பையனாகச் சேர்ந்தவர் தி. க. சண்முகம். பிறகு சகோதரர்களே கம்பெனி நடத்தி 1950 வரை அதை ஓட்டினார்கள். 'எனது நாடக வாழ்க்கை'யைப் படித்தால் அந்த உலகம் முழுதாகக் கிடைக்கிறது. பையன் கம்பெனியில் சோறு தின்று, அடி வாங்கி, பாட்டுக் கற்று, குரல் உடைந்ததும் பயந்து, வேஷம் மாறி, பெரியவனாகிறான். கொடுமையான வாழ்க்கைதான். ஆனாலும் அது ஒரு வாழ்க்கைப் போக்கு. இன்ன வயதில் இன்ன வேஷம் என்று முன்னால் ஒரு பாதை தெரிந்தது. பாய்ஸ் கம்பெனிகளிலிருந்துதான் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் என்.எஸ். கிருஷ்ணனும் சினிமாவுக்குப் போனார்கள். அதற்காகச் சுவாமிகளைச் சினிமாவுக்கு ஆள் சப்ளை செய்தவர் என்று யாரும் எழுதுவதில்லை.

இன்னொரு பக்கம் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை, 1891. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மாலை நேரத்தில் கௌரவமாக நாடகம் ஆடினார்கள். கூத்தாடி என்ற வசை தங்கள்மேல் படக்கூடாது என்பதில் அவர்களுக்கு மிகுந்த கவனம். நடிப்புக்குக் கூலி வாங்கினால் கூத்தாடி, வாங்காவிட்டால் கலைஞன். இந்தச் சமன்பாடு நம் மூளையில் அப்போது ஏறியதுதான். பரீக்ஷா, நிஜ நாடக இயக்கம் என்று 1978இல் தொடங்கிய குழுக்களுக்கு அரசியலும் அழகியலும் எவ்வளவோ வேறு. ஆனால் நடிகன் வேறெங்கோ சம்பாதித்துக்கொண்டு இங்கே வந்து நடிக்கவேண்டும் என்ற ஏற்பாட்டில் அவையும் சுகுண விலாச சபையின் வாரிசுகளே. ஞாநி இதைக் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். வரட்டும் என்றுதான் எழுதியிருப்பேன்.

முழுநேர நடிகனின் உடம்பில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். மேடைச் சாட்சி காற்றோடு போய்விட்டது. பார்த்தவர்கள் சில நூறு பேர், அவர்களும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆகவே வேடிக்கையாக, சினிமாவைத்தான் சாட்சிக்கு அழைக்கவேண்டியிருக்கிறது.

பசுபதி பட்டறையில் ஏறக்குறைய பதினைந்து வருஷம் இருந்தவர். 'விருமாண்டி'யில் (2004) கொத்தாளத் தேவராக வந்தபோது பார்வையாளர்களுக்கு ஒரு புது வில்லன் கிடைத்தான். எனக்குக் கிடைத்தது ஒரு நிற்கும் முறை. எடை இடுப்பில் இறங்கியிருக்கும், முழங்கால் பூட்டாது. எந்தத் திசையிலும் கிளம்பத் தயாராக இருக்கிற, ஆனால் கிளம்பாத நிலை. 'வெயி'லில் (2006) அதே உடம்பு தோற்றுப்போனவனின் உடம்பாகிறது. தோள் ஒடுங்கியிருப்பது மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு காரியத்தையும் அரை விநாடி தாமதமாகச் செய்கிறார். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ரங்கன் வாத்தியார் மேடைக்குக் கீழே நிற்கிறார். சண்டை மேலே நடக்கிறது, ஆனால் யார் அடி வாங்குகிறார்கள் என்பதை இவர் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்ற நடிகர்கள் வசனம் வருவதற்காகக் காத்திருப்பார்கள். இவர் காத்திருக்கும்போதும் நடித்துக்கொண்டிருக்கிறார். கேமராவும் நெருக்கக் காட்சியும் இதைக் கற்றுத்தராது. வெளிச்சம் குறைந்த ஒரு கூடத்தில், எதிரே முப்பது பேர் உட்கார்ந்திருக்க, ஒன்றரை மணி நேரம் வெளியே போகமுடியாமல் நின்றவனுக்கு வரும் பழக்கம் இது.

குரு சோமசுந்தரத்தின் கதை வேறு. 'ஆரண்ய காண்ட'த்தில் (2011) குடிகார அப்பன். 'ஜோக்க'ரில் (2016) தன்னையே ஜனாதிபதியாக நியமித்துக்கொண்டவன். 'மின்னல் முரளி'யில் (2021), மலையாளத்தில், ஊரே ஒதுக்கிய ஒருவன் வருஷக்கணக்காக வைத்திருந்த காதலைச் சொல்கிற இடம். அந்த முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எங்கோ சிக்கிக்கொள்கிறது. கட்டியக்காரனின் முகம் அது. கூத்தில் கட்டியக்காரன் ராஜாவைப் பரிகாசம் செய்துகொண்டே அவன் துக்கத்தில் பங்குகொள்கிறவன். இரண்டு பாவங்களை ஒரே முகத்தில் வைத்திருக்கத் தெரியாதவனுக்கு அந்த வேஷம் இல்லை. 'ஜோக்கர்' படம் எனக்கு உடன்பாடானதல்ல. பிரசங்கம் அதிகம். ஆனால் அந்த நடிகன் பிரசங்கத்தின் அடியில் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தான்.

விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதப் போனார், நடிகர்களைப் பார்த்துக் கற்றார் என்பது எல்லோரும் சொல்லும் தகவல். எல்லோரும் இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. நடிகர்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று அந்த நிறுவனத்தில் துல்லியமாகத் தெரிந்த ஒருவர் அவர்.

கலைராணியைப் பற்றி இப்படி எழுதமுடியவில்லை. பயிற்சியில் இவர்கள் யாருக்கும் குறைந்தவரில்லை. மேடையில் அவர் குரலைக் கேட்டவர்கள் மறக்கவில்லை. சினிமா அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் துண்டு துண்டாகச் சில நிமிஷங்கள். பயிற்சி பெற்ற ஆண் நடிகன் அழகாக இல்லாவிட்டால் அது யதார்த்தம். பயிற்சி பெற்ற நடிகை கதாநாயகி முகமாக இல்லாவிட்டால் அவள் அம்மா. ஆண்கள் சினிமாவுக்கு விலை போய்விட்டார்கள் என்று பேசுகிறவர்கள், விலையே வைக்கப்படாத இந்தப் பெண்களைப் பற்றி எதுவும் பேசியதில்லை.

போகாமல் இருந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். இருபது வருஷம் பட்டறையிலும் அதைப் போன்ற குழுக்களிலும் நடித்து, இப்போது பள்ளிக்கூடங்களில் பயிற்சி முகாம் நடத்தி, கம்பெனி அதிகாரிகளுக்கு ஆளுமை வளர்ப்பு வகுப்பு எடுத்து, சினிமாவில் புதுமுகங்களுக்கு உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்து வாழ்கிறவர்கள். ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். கைகால் நடுங்கும் கிழவனாக அவர் நடித்ததை நான் பார்த்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. இப்போது அந்தக் கிழவனின் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். அந்த வேஷத்தை இப்போது போட ஆசை என்றார். போடக் குழு இல்லை.

நான் கூரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சென்னை நாடகத்தைப் பற்றிச் சென்னைக்காரர்கள் எழுதட்டுமே என்று கேட்கலாம். கூரத்துக்கு இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேஸ்வரவர்மன் இந்த ஊரில் ஒரு சிவன் கோவிலைக் கட்டி, பரமேஸ்வரமங்கலம் என்ற கிராமத்தைக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. கூரம் செப்பேடு என்று சரித்திர மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அதில் பார்ப்பது பெருவளநல்லூர்ப் போர், சாளுக்கியன் தோற்று ஓடியது. எனக்கு அதில் பிடித்தது கடைசிப் பகுதி. கிராமத்தை 25 பங்காகப் பிரிக்கிறார்கள். பூசைக்கும் பராமரிப்புக்கும் மூன்று பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் கொண்டுவருபவனுக்கு ஒரு பங்கு. அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவனுக்கு ஒரு பங்கு. மீதி இருபதும் சதுர்வேதிகளுக்கு.

வாசிக்கிறவனுக்குத் தனியாக ஒரு பங்கு. தண்ணீர் சுமப்பவனுக்குச் சமமாக. இதில் இழிவு ஒன்றுமில்லை. தண்ணீரும் தீயும் பாரதமும் மண்டபத்துக்கு வேண்டியவை, வேண்டியதைச் செய்கிறவனுக்கு நிலத்தில் பங்கு என்ற தெளிவு இருக்கிறது. அவனைத் தியாகி என்றும் சொல்லவில்லை, விலை போனவன் என்றும் சொல்லவில்லை. (கூரத்து நடராஜர் இப்போது எழும்பூர் மியூசியத்தில் முழங்காலைத் தூக்கி நின்றுகொண்டிருக்கிறார். ஊரைவிட்டுப் பட்டணத்துக்குப் போன முதல் நடிகர் அவர்தான் என்று இங்கே ஒருவர் சொன்னார்.)

பாரதம் வாசிப்பது இந்த வட்டாரத்தில் நின்றுவிடவில்லை. பங்குனியில் தொடங்கி ஆனி ஆடி வரை திரௌபதி அம்மன் கோவில்களில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று கதை நகர்ந்து, பதினெட்டாம் போர் அன்று படுகளத்தில் துரியோதனனின் மண் உருவத்தின்மேல் முடிகிறது. அன்று சாயங்காலம் தீமிதி. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து நடிகனுக்கு இதுதான் பருவம். இரவு பத்து மணிக்கு முகவீணை ஆரம்பித்தால் விடியும்வரை. மறுநாள் வேறு ஊர். மழைக்காலத்தில் வயல் வேலை, தறி வேலை, கட்டட வேலை. கட்டைகளையும் கிரீடத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் அவன் மறுபடியும் கூலிக்காரன்.

இது ஒரு சுயேச்சையான நாடகக் குழுவா என்று கேட்டால், நம் நவீன நாடகக் குழுக்கள் எதையும்விட இதற்கே அந்தப் பெயர் பொருந்தும் என்பேன். யார் மானியத்திலும் நடப்பதில்லை. ஊர்ப் பெரியதனக்காரர்கள் தாம்பூலம் வைத்துப் பேசி முடிக்கும் தொகை. அதைக் குழு பங்கு போட்டுக்கொள்கிறது. நடிகனின் தகுதிக்கும் வேஷத்துக்கும் ஏற்பப் பங்கு கூடும் குறையும். நல்ல நடிகனை அடுத்த குழு முன்பணம் கொடுத்து இழுத்துக்கொள்ளும். அடுத்த பருவத்தில் அவன் திரும்பியும் வருவான். விலை போய்விட்டான் என்று யாரும் வருந்துவதில்லை. நடிகனுக்கு விலை இருப்பது இங்கே நடிகனின் கௌரவம்.

இதையும் ஒரேயடியாகப் போற்றிவிடக்கூடாது. சாதிக்கணக்கு இருக்கிறது. எந்தத் தெருவில் ஆடலாம், யார் வீட்டில் சாப்பிடலாம் என்ற கணக்கு. குடி இருக்கிறது. கூத்தாடிக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்பது இருக்கிறது. பெண் வேஷத்தை ஆண்கள் கட்டியே பழக்கம். இந்தக் கணக்குகளை மாற்றிப்பார்க்க முயன்றவர் பெ. ராஜகோபால். பெருங்கட்டூர்க்காரர். சிறு பையனாகவே மேடையேறியவர், அப்பா பொன்னுசாமியின் குழுவில். 1990இல் இந்த வட்டாரத்து நடிகர்களைச் சேர்த்துக் கட்டைக்கூத்துச் சங்கம் அமைந்ததில் அவர் பங்கு முக்கியம். அவரும் ஹன்னா டி ப்ரூய்னும் 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் ஆரம்பித்தார்கள். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒன்றாக. பெண் குழந்தைகளும் கட்டை கட்டி, கிரீடம் வைத்து, துரியோதனனாக அடவு போட்டார்கள். பதினெட்டு வருஷம் நடந்து 2020இல் மூடப்பட்டது.

தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்ற பெயர்ச் சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முத்துசாமி, புரிசை எல்லாம் தெருக்கூத்து என்றார்கள். ராஜகோபால் தரப்பு, தெரு என்ற சொல்லில் இழிவு ஒட்டியிருக்கிறது, நடிகனை அடையாளம் காட்டும் கட்டைகளின் பெயரால் அழையுங்கள் என்றது. இதில் ஆராய்ச்சி நியாயம் யார் பக்கம் என்று பலர் எழுதியாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு நடிகன் தன் தொழிலுக்குத் தானே பெயர் வைக்க முன்வந்தான் என்பது. நம் எழுத்தாளர்கள் அதுவரை அந்தத் தொழிலைத் தரிசித்துக்கொண்டிருந்தார்கள். தரிசிக்கப்படுவது பேச ஆரம்பித்ததும் பலருக்குச் சங்கடமாகிவிட்டது.

குருகுலத்தில் தேறிய பெண்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இந்த விஷயத்தின் கடினமான இடம். பையன்களில் சிலர் குழுக்களில் சேர்ந்தார்கள், பங்கு வாங்கினார்கள். பெண்ணுக்கு இருபது வயதில் கல்யாணம். மாமியார் வீட்டில், ராத்திரி முழுக்க ஊர் ஊராக ஆடிவிட்டு விடியற்காலையில் வருகிற மருமகளை ஏற்பவர்கள் சிலரே. நல்ல குரல், நல்ல அடவு, நாலு பாரதக் கூத்து மனப்பாடம். அத்தனையும் ஒரு வீட்டுக்குள் போய் முடங்குகிறது. கலைராணிக்குச் சில நிமிஷங்களாவது இருந்தன.

இந்தப் பிரச்னை நம்முடையது மட்டும் என்று நினைக்கவேண்டாம். சுயேச்சை நாடகம் என்ற பெயரே ஸ்பானிஷ் மொழியில், அர்ஜெண்டினாவில், ஒரு இயக்கமாகப் பிறந்தது. லியோனிதாஸ் பார்லெத்தா என்ற எழுத்தாளர் 1930இல் புவனஸ் அயர்ஸில் 'மக்கள் நாடக அரங்கு' ஆரம்பித்தார். எழுத்தாளர் ஆரம்பித்த குழு என்பதைக் கவனியுங்கள். வியாபார நாடகத்தின் நட்சத்திர ஆட்சியை ஒழிக்கவேண்டும் என்பது லட்சியம். ஆகவே நடிகருக்குச் சம்பளம் இல்லை, தனிப் புகழ் இல்லை. நடிப்பவரே அரங்கைப் பெருக்கவேண்டும், டிக்கெட் கிழிக்கவேண்டும். பார்லெத்தா வாசலில் நின்று கைமணி அடித்து ஜனங்களைக் கூப்பிடுவார். ராபர்த்தோ ஆர்ல்ட் என்ற நாவலாசிரியரை நாடகாசிரியராக்கியது அந்த அரங்குதான். 1943இல் ராணுவ ஆட்சி வந்ததும் நகராட்சி கொடுத்திருந்த கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்டு ஒரு நிலவறையில் நாடகம் தொடர்ந்தது. 1975இல் பார்லெத்தா இறக்கும்வரை அவர் மாறவில்லை.

வீரமான சரித்திரம். இதைப் படிக்கும்போது எனக்கு மணி அடித்தவரைவிடப் பெருக்கியவர்கள் நினைவு வருகிறது. பகலில் வேறு வேலை, இரவில் நாடகம், நடுவில் தரை பெருக்கல். எத்தனை வருஷம் தாங்கும்? வானொலி நாடகமும் சினிமாவும் கூப்பிட்டபோது அந்நாட்டுச் சுயேச்சைக் குழுக்களிலிருந்து பலர் போனார்கள். அங்கேயும் தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. பின்னாளில் நடிகர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, வசூலைப் புள்ளிக் கணக்கில் பிரித்துக்கொள்ளும் முறை அங்கே வழக்கமாயிற்று. எல்லோருக்கும் புள்ளி உண்டு. நம் கூத்து நடிகனுக்கு இதைச் சொன்னால், பங்குதானே, இதில் என்ன புதுசு என்று கேட்பான். ஸ்பானிஷ் பேசுகிற ஒரு கண்டம் எழுத்தாளனின் லட்சியத்திலிருந்து சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் செய்யாற்றுக்காரன் முதலிலிருந்தே உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கண்டத்துக் கார்சியா மார்க்வெஸின் பெரிய சிறகு முளைத்த கிழவர் கதையைப் புரிசைக்காரர்கள் கூத்தாகவே ஆடியிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இனி நம்மைப் பற்றி. இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் எழுதுகிறவர்கள். நமக்குத் தபால் அலுவலகம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, எல்.ஐ.சி. இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் நாம் இலக்கியவாதிகள். இதை யாரும் சமரசம் என்று சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. கவிதை அதைத் தாங்கும். கவிதை பத்து வருஷம் மேஜை அறையில் கிடந்தாலும் கெடாது. நடிகனின் கருவி அவன் முதுகெலும்பு. அதை ஒரு மாதம் போட்டுவைத்தால் துருப்பிடிக்கும். அதைத் தினசரி தீட்ட முழுநாள் வேண்டும், முழுநாள் தீட்டினால் சம்பாதிக்க நேரமில்லை. நம்மால் செய்யமுடியாத பட்டினியை அவனிடம் கேட்டுவிட்டு, அவன் எழுந்து சாப்பிடப் போனால் கொள்கை பேசுகிறோம்.

கூரத்தில் இன்னொரு கதையும் உண்டு. கூரத்தாழ்வான் இந்த ஊர்க்காரர். சோழன் சபைக்கு ராமானுஜரை அழைத்துவர ஆள் வந்தபோது, அவருடைய காஷாயத்தையும் திரிதண்டத்தையும் தான் வாங்கிக்கொண்டு, ராமானுஜராகப் போய் நின்று கண்ணைக் கொடுத்தவர் என்று குருபரம்பரை சொல்கிறது. அடுத்தவரின் வேஷத்தைக் கட்டி, அதற்கான விலையைத் தன் உடம்பிலிருந்து கொடுத்தவர். இதைச் சொன்னால் வைஷ்ணவ நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், அவரை நடிகர் என்கிறாயே என்று. நான் நடிகனைத்தான் உயர்த்துகிறேன். ஆனால் ஆழ்வானைப் போல எல்லா நடிகனும் இருக்கவேண்டும் என்று கேட்பது வேறு, அது அக்கிரமம்.

கூத்துப்பட்டறை நடிகர்கள் சினிமாவுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. திரும்பி வருவதற்கு ஒரு இடம் இல்லாமல் போனதில் இருக்கிறது. கூத்துக்காரன் ஒரு பருவம் வேறு குழுவில் ஆடிவிட்டுத் திரும்பலாம். பசுபதி திரும்ப நினைத்தால் எதற்குத் திரும்புவது? நாலு மாதம் ஒத்திகை பார்த்து நாலு நாள் ஆடி அரங்கைக் காலி செய்வதற்கா? ஒரு நாடகத்தை வருஷம் நூறு தடவை, பத்து வருஷம் ஆடுகிற வழக்கம் நம் நவீன நாடகத்துக்கு வரவேயில்லை. கர்ண மோட்சத்தை முந்நூறாவது தடவை ஆடுகிறவன் அதில் என்ன கண்டுபிடிக்கிறான் என்பது, நாலு தடவை ஆடி முடித்தவனுக்குத் தெரிய வழியே இல்லை. இருபத்தேழு வயதில் போட்ட கிழவனை ஐம்பதில் போடமுடியாத நாடக உலகத்தில் நடிகனுக்குத் தொடக்கம் மட்டும்தான் உண்டு.

போன ஆனியில் பாலாற்றுக்குத் தெற்கே ஒரு ஊரில் கர்ண மோட்சம் பார்த்தேன். கர்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கூட்டம் பெரிசில்லை. விடிந்து, மஞ்சள் துடைத்து, கட்டைகளைத் துணியில் சுற்றி வைத்தபிறகு, வேப்ப மரத்தடியில் பாய் போட்டுப் பணத்தை எண்ணினார்கள். வாத்தியார் முதல் பங்கை எடுத்துத் தனியே வைத்தார். யாருக்கு என்று கேட்டேன். "பெட்டிக்கு சார்" என்றார். கட்டைக்கும் கிரீடத்துக்கும் ஒரு பங்கு, பழுது பார்க்க. அடுத்தது ஆர்மோனியக்காரருக்கு, மிருதங்கக்காரருக்கு. கர்ணன் ஒன்றேகால் பங்கு வாங்கிக்கொண்டு, பொன்னுருவியாக ஆடிய பையனுக்கு இன்னும் கால் பங்கு சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று சண்டை போட்டார். தபசு மரம் ஏறுகிறவனுக்குக் கொடுக்கிறீர்கள், இவன் ராத்திரி முழுக்க அழுதிருக்கிறானே என்றார். கொஞ்ச நேரம் பேச்சு நீண்டது. கடைசியில் கொடுத்தார்கள்.